சோடா கெக்குக்கு இரண்டாவது ரெகுலேட்டர்: சென்னையில் எது கட்டுப்படியாகும்?

வீட்டில் கெக் (அழுத்தம் தாங்கும் எஃகுப் பானக்கலன்) வைத்து சோடா போடுகிறவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அதன் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு ரெகுலேட்டர், ஒரு கெக் என்று தொடங்கி, பன்னீர் சோடா நன்றாக வந்துவிடும். அப்புறம் ஹோட்டல் சாமான் விற்கும் கடையில் இன்னொரு பழைய கெக் கண்ணில் படும். அதில் கொம்புச்சா (புளிக்கவைத்த தேநீர்) வைக்கலாமே என்று தோன்றும். சோடாவுக்கு 30 பிஎஸ்ஐ அழுத்தம் (சுமார் 2 பார்) வேண்டும். கொம்புச்சாவுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. முழு 30-ஐயும் கொடுத்தால் சில நாளில் குழாயைத் திறந்தாலே டம்ளர் முழுக்க நுரைதான். சிலிண்டர் ஒன்று, வேண்டிய அழுத்தம் இரண்டு. இதற்குத்தான் இரண்டாவது ரெகுலேட்டர்.

இந்தச் சாமான்கள் எல்லாம் முதலில் வெளிநாட்டில் வீட்டு பீர் காய்ச்சுகிறவர்களுக்காக வளர்ந்தவை. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டு பீருக்கு வழி திறந்த பிறகு, கெக், குழாய், ரெகுலேட்டர் என்று அதற்கென்றே ஒரு சந்தை உருவானது. நம் ஊரில் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அதனால் இந்தக் கட்டுரை பன்னீர் சோடா, இஞ்சி சோடா, நன்னாரி, கொம்புச்சா பற்றியது மட்டும்தான். கருவி ஒன்றேதான். ஆனால் அதை விற்கும் கடை இங்கே இல்லை என்பதால் தேடல் வேறு மாதிரி போகும்.

எதை வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன், இரண்டாவது ரெகுலேட்டருக்கு என்ன வேலை என்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. 20 டிகிரியில் அதன் அழுத்தம் ஏறக்குறைய 57 பார். 30 டிகிரியில் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடே போய்விடும்; அதற்கு மேல் அழுத்தம் எவ்வளவு என்பது சிலிண்டரில் எவ்வளவு நிரப்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சென்னையில் மார்ச் முதல் அக்டோபர் வரை வெளியே வைத்த சிலிண்டர் பெரும்பாலும் அந்த எல்லையைச் சுற்றித்தான் இருக்கும். இந்த அழுத்தத்தை நேருக்கு நேர் தாங்குவது முதல் ரெகுலேட்டர். அது 72 பாரை 2, 3 பாராகக் குறைத்துக் கொடுக்கிறது. இரண்டாவது ரெகுலேட்டருக்கு வந்து சேருவது அந்த 2, 3 பார்தான். கார் டயரில் அடைக்கும் காற்றைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

என் முடிவும் இதிலிருந்துதான் பிறக்கிறது. முதல் ரெகுலேட்டரில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். இரண்டாவதில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். ஆனால் பலர் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன். சிலிண்டரின் தலையில் பெயர் தெரியாத ரெகுலேட்டரை மாட்டிவிட்டு, இரண்டாவதை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். ஆபத்து இருக்கும் இடத்தில் சிக்கனம், ஆபத்தில்லாத இடத்தில் செலவு.

எத்தனை வேண்டும்?

இரண்டு கெக் இருந்தால் இரண்டு இரண்டாம் ரெகுலேட்டர் வேண்டும் என்று நினைக்கத் தேவையில்லை. முதல் ரெகுலேட்டரை சோடாவுக்கு வேண்டிய 30 பிஎஸ்ஐயில் வையுங்கள். அதன் வாயில் ஒரு டீ (குழாயை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு) போடுங்கள். ஒரு கிளை நேராக சோடா கெக்குக்கு. இன்னொரு கிளை இரண்டாவது ரெகுலேட்டர் வழியாக 12 பிஎஸ்ஐக்கு இறங்கி கொம்புச்சாவுக்கு. மூன்று வெவ்வேறு அழுத்தம் என்றால் இரண்டு போதும். அதிக அழுத்தம் கேட்கும் பானம் எப்போதும் முதல் ரெகுலேட்டரில் நேராக உட்காரும்.

இரண்டு கெக்கிலும் சோடாதான், ஒன்றில் பன்னீர், இன்னொன்றில் இஞ்சி என்றால் இரண்டாவது ரெகுலேட்டரே வேண்டாம். டீயும் இரண்டு வால்வும் போதும். வாங்காமல் இருப்பதைவிடக் கட்டுப்படியானது எதுவும் இல்லை.

இன்னொரு கூட்டத்தார், ஒரே ரெகுலேட்டரை முறை வைத்து மாற்றி மாற்றி மாட்டுவார்கள். கெக்கில் ஒருமுறை வாயு கரைந்துவிட்டால் இணைப்பைக் கழற்றிவிட்டாலும் அப்படியே இருக்கும். ஊற்றும்போது மட்டும் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோடா குடிக்கும் வீட்டுக்கு இது நல்ல வழி. தினமும் ஊற்றுகிற வீட்டில் யாராவது ஒருவர் திருகை மாற்ற மறந்து, கொம்புச்சாவுக்கு 30 போய்விடும். குழந்தைகள் தாங்களே ஊற்றிக்கொள்ளும் வீட்டில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கெக் ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் இந்த எண்கள் எல்லாம். 4 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு லிட்டர் வாயு கரைய 30 பிஎஸ்ஐக்குள் போதும்; நல்ல கார சோடாவின் அளவு அதுதான். இதையே 30 டிகிரி அறையில் செய்யப் போனால் ஏறக்குறைய 75 பிஎஸ்ஐ வேண்டும். அந்த அழுத்தத்தில் ஊற்றினால் கரைந்தது எல்லாம் டம்ளரில் விழுவதற்குள் பிரிந்து போகும். கெக்கை வெளியே வைத்துக்கொண்டு ரெகுலேட்டரைக் குறை சொல்வதில் பயனில்லை.

வெளிநாட்டு ரெகுலேட்டர்

பானங்களுக்கென்றே செய்த இரண்டாம் ரெகுலேட்டர்களில் அமெரிக்காவின் டேப்ரைட், டென்மார்க்கின் மைக்ரோமேடிக் போன்ற பெயர்கள் பழையவை. கனமான உடல், 0 முதல் 60 பிஎஸ்ஐ வரை காட்டும் மீட்டர், வெளியேறும் வாயில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வோடு கூடிய அடைப்பான். இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகக் கோர்த்தும் கிடைக்கும். இன்னொரு வகை, ஆஸ்திரேலியாவின் கெக்லேண்ட் செய்யும் கையடக்க ரெகுலேட்டர். 8 மில்லிமீட்டர் குழாயை இரு பக்கமும் தள்ளிச் செருகினால் முடிந்தது. சிறு மீட்டரும் அதிலேயே இருக்கும். தரத்தில் இரண்டுமே நல்லவை. அதிலும் அந்தக் கையடக்கமானது ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு சாண் இடம்கூட எடுக்காது.

தடை விலைப்பட்டியலில் இல்லை, அதன் பிறகு வருகிறது. கூரியர், சுங்கம், அதன் மேல் ஜிஎஸ்டி என்று சேர்ந்தால் அங்கே மலிவாகத் தெரிந்தது இங்கே வாசலுக்கு வரும்போது வேறு தொகையாக நிற்கும். அதைவிடப் பெரிய கவலை உதிரிபாகம். டயஃப்ரம் என்கிற உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்தால் மறுபடி கடல் கடந்துதான் வர வேண்டும். அது வரும்வரை கெக் சும்மா கிடக்கும்.

ஊரிலேயே கிடைப்பது

சென்னை இதற்கு அருமையான ஊர். கார், ஆட்டோ உதிரிபாகம், அச்சு, பேக்கிங் என்று இத்தனை தொழிற்சாலை இருக்கும் இடத்தில் காற்றழுத்தத்தில் ஓடும் இயந்திரங்களுக்குப் பஞ்சமில்லை. அந்த ஒவ்வொரு இயந்திரத்தின் வாயிலும் ஒரு நியூமேட்டிக் ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளைச் சுற்றியும், பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெரு போன்ற இடங்களிலும் இதை விற்கிற கடைகள் உண்டு. கோயம்புத்தூரின் ஜனாடிக்ஸ், ஜப்பானின் எஸ்எம்சி, ஜெர்மனியின் ஃபெஸ்டோ, தைவானின் ஏர்டேக் என்று நல்ல பெயர்கள் எல்லாமே ஊருக்குள்ளேயே கிடைக்கின்றன. விலை, இறக்குமதிச் சரக்கு வீட்டு வாசலுக்கு வந்து சேரும் தொகையில் ஒரு பகுதிதான்.

வேலையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் அடிப்படையில் ஒரே அமைப்பு: ஒரு ஸ்பிரிங், ஒரு டயஃப்ரம், ஒரு வால்வு. உள்ளே வருவது காற்றா, கார்பன் டை ஆக்சைடா என்பது 3 பாரில் அந்த ரப்பருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கடைக்குப் போய் "ஒரு ரெகுலேட்டர் கொடுங்க" என்று கேட்டு, கையில் கொடுத்ததை வாங்கி வந்தால் சரிப்படாது. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்பிரிங். கடையில் முன்னால் தொங்குவது பெரும்பாலும் 0.5 முதல் 8.5 அல்லது 10 பார் வரை திருகக்கூடியது. நமக்கு வேண்டியது 0.8 பார். அந்தப் பெரிய எல்லையில் 0.8 என்பது திருகின் அடிமட்டத்தில் ஒரு நூலளவு. கொஞ்சம் தொட்டால் 1.5-க்குத் தாவும். குறைந்த அழுத்தத்துக்கான மென்மையான ஸ்பிரிங் போட்ட வகையைக் கேளுங்கள். எஸ்எம்சியின் ஏஆர் வரிசையில் 0.02 முதல் 0.2 மெகாபாஸ்கல், அதாவது 0.2 முதல் 2 பார் வரைக்கும் தனியாக உண்டு. ஆர்டர் எண்ணின் பின்னால் ஓர் எழுத்தோ எண்ணோ மாறுவதுதான் வித்தியாசம். மற்ற நிறுவனங்களின் பட்டியலிலும் இதைத் தேடிப் பாருங்கள். இருப்பில் இல்லை என்றால் சொல்லி வைத்து வரவழைக்கலாம், காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கடையில் பேசும்போது அழுத்தத்தை "கேஜி" என்றுதான் சொல்வார்கள். "எத்தனை கேஜிக்கு வேணும் சார்?" என்று கேட்டால் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று அர்த்தம். ஒரு கேஜி 14 பிஎஸ்ஐ சொச்சம், கிட்டத்தட்ட ஒரு பார். "அண்ணே, கால் இஞ்ச்சுல ரெகுலேட்டர், ரெண்டு கேஜி ரேஞ்சு, நான்-ரிலீவிங்" என்று சொன்னால் விஷயம் தெரிந்த கடைக்காரர் உடனே புரிந்துகொள்வார்.

அந்த நான்-ரிலீவிங் என்பது இரண்டாவது விஷயம். தொழிற்சாலை ரெகுலேட்டர்கள் வழக்கமாக ரிலீவிங் வகை. திருகைக் குறைத்தால் அந்தப் பக்கத்தில் மிச்சம் இருக்கும் காற்றை மூடியின் ஓட்டை வழியாகத் தானே வெளியேற்றிவிடும். காற்று என்றால் நல்ல வசதி. கெக் என்றால் திருகைக் குறைத்ததும் கெக்கின் வாயு பின்னோக்கி ஓடிவரும். கெக் நிறைந்திருந்தால் நுரையும் சர்க்கரைப் பாகும் சேர்ந்து வரும். அதன் பிறகு அந்த ரெகுலேட்டரைப் பிரித்துக் கழுவ வேண்டியதுதான். மேலும் ரிலீவிங் வகையின் நடு ஓட்டையில் ஒரு துகள் சிக்கினாலும் வாயு மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். நான்-ரிலீவிங் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் ரிலீவிங் வகையை வாங்கலாம். கெக்குக்கும் அதற்கும் நடுவில் திரும்பாத வால்வு மட்டும் கட்டாயம்.

சொல்லப்போனால் எந்த வகை வாங்கினாலும் அந்தத் திரும்பாத வால்வு கட்டாயம். இந்த ரெகுலேட்டர்களின் உடல் பெரும்பாலும் அலுமினியம், துத்தநாக வார்ப்பு, பித்தளை. உலர்ந்த கார்பன் டை ஆக்சைடு இவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் சோடா அமிலம். அது பின்னால் ஏறி உலோகத்தில் நின்றால் அரிக்கும். பித்தளையிலிருந்து செம்பு கரைந்து பானத்தில் சேர்ந்தால் வாந்தி, வயிற்று வலி வரும். டேப்ரைட் போன்ற கனமான வெளிநாட்டு ரெகுலேட்டரில் இந்த வால்வு வாயிலேயே இருக்கும். உள்ளூர் ரெகுலேட்டரில் நாமே போட வேண்டும். 8 மில்லிமீட்டர் குழாயில் செருகும் பிளாஸ்டிக் வால்வு அதே கடையில் கிடைக்கும், விலை கொஞ்சம்தான். இந்த வால்வு இருக்கும்போது திருகைக் குறைத்தாலும் கெக்குக்குள் இருக்கும் அழுத்தம் தானாகக் குறையாது என்பதை நினைவில் வையுங்கள். கெக் மூடியின் வளையத்தை இழுத்து வாயுவை விட்டுவிட்டு, அப்புறம் புது அழுத்தத்தை வைக்க வேண்டும்.

மூன்றாவது, மீட்டர். கூட வரும் மீட்டர் 10 பார் வரை காட்டும். அதில் 12 பிஎஸ்ஐக்கும் 15 பிஎஸ்ஐக்கும் நடுவில் முள் நகர்வதே தெரியாது. 0 முதல் 4 பார் அல்லது 0 முதல் 60 பிஎஸ்ஐ மீட்டர் தனியாக வாங்கி மாட்டுங்கள். மரை பெரும்பாலும் எட்டில் ஒரு இஞ்ச். வாங்கும் முன் ரெகுலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டே திருகிப் பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர் மாதிரி கடல் காற்று அடிக்கும் பக்கம் வீடு என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடு உள்ள மீட்டருக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தவறில்லை. சாதாரண இரும்புக் கூடு உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

இந்தக் கடைகளில் ஒரு பொறி உண்டு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "இன்னும் துல்லியமா வேணுமா? பிரிசிஷன் ரெகுலேட்டர் இருக்கு" என்று எடுத்துக் காட்டுவார்கள். உண்மையிலேயே துல்லியமானதுதான். ஆனால் அந்த வகைகளில் பல, வேலை செய்வதற்காகவே கொஞ்சம் காற்றை எப்போதும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கம்ப்ரசர் ஓடும் ஆலையில் அது கணக்கே இல்லை. 2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 1,100 லிட்டர் வாயு இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போனால்கூட 18 மணி நேரத்தில் காலி. பட்டியலில் தொடர்ந்து காற்று வெளியேறும் அளவு என்று ஒரு வரி இருந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எஃப்ஆர்எல் என்று வடிகட்டியும் எண்ணெய்க் கிண்ணமும் சேர்ந்த செட்டாகவும் கொடுக்கப் பார்ப்பார்கள். எண்ணெய்க் கிண்ணத்துக்குக் குடிக்கிற பானத்தின் பக்கத்தில் இடமே இல்லை. இதே காரணத்துக்காக, ஒர்க்‌ஷாப்பில் கழற்றி விற்கும் பழைய நியூமேட்டிக் ரெகுலேட்டரையும் வாங்க வேண்டாம். உள்ளே படிந்த எண்ணெய் எளிதில் போகாது. புதியதே இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது பழையதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

மற்ற வழிகள்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் செடித் தொட்டிக்கான கார்பன் டை ஆக்சைடு ரெகுலேட்டர் கிடைக்கும். மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வும், குமிழி எண்ணும் சிறு குப்பியும் அதோடு வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது சிலிண்டரின் தலையில் மாட்டும் முதல் ரெகுலேட்டர். இரண்டாம் இடத்தில் அதை வைக்க முடியாது. நொடிக்குச் சில குமிழி என்ற அளவுக்குச் செய்தது என்பதால் கெக்கை நிரப்பவும் நேரம் பிடிக்கும். மீன் தொட்டிக்காக ஏற்கெனவே ஒரு சிறு சிலிண்டரும் இதுவும் வீட்டில் சும்மா இருக்கிறது, வெளி அழுத்தத்தைத் திருகி மாற்றவும் முடிகிறது என்றால், கொம்புச்சா கெக்குக்கு அதைத் தனியாக ஒதுக்கிவிடலாம். புதிதாக வாங்குவதற்கு இது சரியான வழி இல்லை.

வெல்டிங் கடை ரெகுலேட்டரில் இரண்டு வகை. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டுவது நமக்கு உதவாது. அது ஓட்டத்தை அளப்பது, அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அல்ல. கெக் நிறைந்து ஓட்டம் நின்றதும் அதன் உள்ளே எவ்வளவு அழுத்தம் வைத்திருக்கிறார்களோ அது முழுவதும் கெக்குக்குள் போய் நிற்கும். வெளி அழுத்தத்தை பாரில் காட்டி, திருகி மாற்றக்கூடிய கார்பன் டை ஆக்சைடு ரெகுலேட்டர் என்றால் அது முதல் இடத்துக்கு மிகவும் பொருத்தம். அம்பத்தூர்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஈசாப் போன்ற பெயர் பெற்ற நிறுவனத்தின் புதிய ரெகுலேட்டராக வாங்குங்கள். அதன் திருகு முரடு, 12 பிஎஸ்ஐயில் நிறுத்துவது கடினம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் பின்னால் ஒரு நல்ல இரண்டாம் ரெகுலேட்டர் இருந்தால் அந்த முரட்டுத்தனம் பொருட்டே இல்லை. சிலிண்டர் காலியாகும் நேரத்தில் முதல் ரெகுலேட்டரின் அழுத்தம் சற்று ஏறும். அதையும் இரண்டாவது தடுத்துவிடும். என் கணக்கில் சென்னையில் குறைந்த செலவில் அமையக்கூடிய மிக நல்ல ஜோடி இதுதான்: வெல்டிங் கடையிலிருந்து முதலாவது, நியூமேட்டிக் கடையிலிருந்து இரண்டாவது.

ஆர்ஓ மெஷின் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் அழுத்தக் குறைப்பான் தண்ணீருக்கானது. வாயுவை அது பிடித்து நிறுத்தாது. ஆர்ஓ கடையில் வாங்க வேண்டியது செருகு இணைப்புகளும் உணவுத்தரக் குழாயும்தான். அவை நன்றாக இருக்கும், பானம் ஓடும் பக்கத்துக்குப் பொருத்தம்.

சமையல் கேஸ் ரெகுலேட்டரை எந்த இடத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். அது அடுப்புக்குக் கொடுக்கும் அழுத்தம் 0.03 பார் அளவுதான், அரை பிஎஸ்ஐகூட இல்லை, சோடாவுக்கு உதவாது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் அழுத்தத்தைத் தாங்கும்படியும் அது செய்யப்படவில்லை.

மூடிய திரையரங்கு, துரித உணவுக்கடையிலிருந்து வரும் பழைய சோடா ஃபவுண்டன் ரெகுலேட்டர் கிடைத்தால் அது புதையல்தான். உண்மையான பான ரெகுலேட்டர், வேலைக்கென்றே செய்தது. டயஃப்ரம் கெட்டிருக்கலாம் என்பதால் சோதித்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். சிலிண்டரில் மாட்டும் வகை பழையதாகக் கிடைத்தால் நான் வாங்க மாட்டேன். 70 பாரை நம்பி ஒப்படைக்கும் பொருளின் பழைய கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாட்டுவதும் சோதிப்பதும்

இந்திய நியூமேட்டிக் ரெகுலேட்டரின் கால் இஞ்ச் மரை பெரும்பாலும் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் அளவு. அமெரிக்க ரெகுலேட்டருக்கு என்பிடி என்ற அமெரிக்க அளவு. முதலாவதில் ஒரு இஞ்சுக்கு 19 மரை, இரண்டாவதில் 18. இரண்டும் ஒன்றில் ஒன்று இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகியதும் சரியாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து டெஃப்லான் டேப் சுற்றினால் கசிவு நிரந்தரம். இரண்டையும் கலக்க வேண்டியிருந்தால் ஒரு பக்கம் பிஎஸ்பி, மறுபக்கம் என்பிடி உள்ள அடாப்டர் கேட்டு வாங்குங்கள். குழாய்க்குக் கவலை இல்லை: கெக் உலகத்தில் பதினாறில் ஐந்து இஞ்ச் என்று சொல்வதும் நம் கடையில் 8 மில்லிமீட்டர் என்று சொல்வதும் செருகு இணைப்பில் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

ரெகுலேட்டரை ஃபிரிட்ஜுக்கு வெளியே வையுங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் சென்னையின் ஈரக்காற்று உள்ளே போய் குளிர்ந்த உலோகத்தில் நீர்த்துளியாகப் படியும். மீட்டரின் கண்ணாடிக்குள்ளும் பனி பிடிக்கும். குழாய் மட்டும் உள்ளே போனால் போதும்.

வாங்கியதும் கெக்கில் மாட்டாமல் முதலில் இதைச் செய்யுங்கள். இரண்டாவது ரெகுலேட்டரின் வெளிவாயை அடைத்து, 12 பிஎஸ்ஐ வைத்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் முள் 12-லேயே நின்றால் நல்ல வால்வு. 18, 20 என்று ஏறியிருந்தால் உள்வால்வு சரியாக உட்காரவில்லை. கடையில் மாற்றிக் கேளுங்கள். இந்த மெல்ல ஏறும் கோளாறுதான் கொம்புச்சாவை வீணாக்குவது, வெளிக்கசிவு அல்ல. பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். மூடியின் ஓட்டையிலும், மீட்டரின் அடியிலும் விட மறக்காதீர்கள். நொடிக்கு ஒரு மில்லிலிட்டர் கசிந்தால் ஒரு நாளில் 86 லிட்டர். 2 கிலோ சிலிண்டர் இரண்டு வாரம் தாங்காது. கசிவே இல்லாமல் இருந்தால் 19 லிட்டர் கெக்கைச் சோடாவாக்கி முழுக்க ஊற்றி முடிக்க ஏறக்குறைய கால் கிலோ வாயு போதும், ஒரே சிலிண்டரில் ஏழெட்டு கெக் வரும். ரெகுலேட்டர் விலையைவிட இந்தக் கணக்கு முக்கியம். மலிவான ரெகுலேட்டர் கசிந்தால் வாயு நிரப்பும் கடைக்கு நடந்தே விலை ஏறிவிடும்.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதை மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. திரவம் இருக்கும்வரை முள் வெப்பநிலையைத்தான் காட்டுகிறது. எடை போடுவதுதான் வழி.

வாயு நிரப்பும்போது உணவுத்தரம் என்று கேட்டு வாங்குங்கள். தீயணைப்புச் சாதனக் கடையிலும் கார்பன் டை ஆக்சைடு அடைத்துத் தருவார்கள், விலையும் குறைவு. ஆனால் தீயணைப்பு சிலிண்டருக்குள் அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். திறந்தால் வாயுவுக்குப் பதில் திரவம் வெளியே வரும். அது ரெகுலேட்டரையே உடைக்கக்கூடியது. சாதாரண சிலிண்டரையும் படுக்க வைத்தால் இதே கதி. நிமிர்த்தி, சங்கிலி போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

மூடிய ஏசி அறையில் சிலிண்டரை வைக்கவே வேண்டாம். 10 அடிக்கு 10 அடி, 10 அடி உயரம் உள்ள அறையில் 2 கிலோ முழுக்கக் கசிந்தால் காற்றில் 4 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் குறித்திருக்கும் எல்லை அதுதான். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும்; பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் இது இன்னும் மோசம். காற்றோட்டமான சமையலறை ஓரமோ, நிழலான சர்வீஸ் பால்கனியோ சரியான இடம்.

நான்கு அழுத்தம், நான்கு கெக் என்று போகிறவர்களுக்கு மட்டும் என் பதில் மாறும். ஒவ்வொன்றாக உள்ளூர் ரெகுலேட்டர், தனி மீட்டர், திரும்பாத வால்வு, இணைப்பு என்று கோர்த்துக்கொண்டே போனால் கசியக்கூடிய மூட்டுகள் பெருகிவிடும், சுவரில் இடமும் இருக்காது. அப்போது வெளிநாட்டிலிருந்து வரும் கோர்த்த வரிசை கொடுக்கிற காசுக்குத் தகுந்தது. அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வீட்டார் யாராவது வருகிறார்கள் என்றால் பெட்டியில் எடுத்து வரச் சொல்லலாம். ரெகுலேட்டருக்குள் வாயு இல்லை என்பதால் சிலிண்டரைப் போலத் தொல்லை இல்லை. கூடவே ஒரு டயஃப்ரம் செட்டும், என்பிடியிலிருந்து பிஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். அங்கே அடாப்டர் கடையிலேயே கிடைக்கும், இங்கே அதைத் தேடி பாரிமுனை முழுக்க அலைய வேண்டியிருக்கும்.